பாதிக் கிணறு தாண்டச் சொல்லாதீர்கள்

பொருளியல் ஆய்வுகளுக்குப் போட்டி முறையில் நல்கை வழங்கும் தேர்வுக் குழுக்களுக்கு,

வணக்கம்.

ஒரு வழக்கத்தை நீங்கள் கைவிட வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். முன்மொழிவுகளைத் தேர்ந்தெடுத்த பிறகு, கடைசிக் கூட்டத்தில் எல்லா பட்ஜெட்டையும் ஒரே சீராக 20 அல்லது 30 விழுக்காடு வெட்டுகிறீர்கள். "ஆய்வுத் திட்டத்தில் மாற்றமின்றி நடத்தவும்" என்ற குறிப்போடு ஆணை வருகிறது. இன்னும் இரண்டு பேருக்குப் பணம் போய்ச் சேரட்டும் என்ற நல்லெண்ணம் இதன் பின்னால் இருப்பது தெரியும். ஆனால் கள ஆய்வை நம்பிய பொருளியலில் இந்த வெட்டு பல நேரம் ஆய்வையே செல்லாக்காசாக்கி விடுகிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு திட்டம் மக்களின் வருமானத்தையோ சேமிப்பையோ திட்ட விலக்கத்தில் (ஆளுக்கு ஆள் அந்த எண் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதன் அளவு) 0.2 அளவுக்கு உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பொருளியலில் இது சிறிய விளைவு அல்ல. பாதிப் பேருக்குத் திட்டம், பாதிப் பேர் ஒப்பீட்டுக் குழு எனச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, 5 விழுக்காடு முக்கியத்துவ மட்டத்தில் (இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு), 80 விழுக்காடு புள்ளியியல் திறனோடு (இருக்கும் விளைவைக் கண்டுகொள்ளும் வாய்ப்பு) அந்த விளைவைக் கண்டுகொள்ள ஏறத்தாழ 784 பேர் வேண்டும். ஆளாளாகப் பிரிக்க முடியாமல் ஊர் ஊராக, பள்ளி பள்ளியாகப் பிரித்தால் கணக்கு மாறும். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். கொத்துக்கு, அதாவது ஓர் ஊருக்கோ பள்ளிக்கோ, 20 பேர், கொத்துக்குள் ஒப்புமை (மொத்த வேறுபாட்டில் கொத்துகளுக்கு இடையிலான பங்கு) 0.05 என்றால் மாதிரியை 1.95 மடங்கு பெருக்க வேண்டும். அதாவது 1,529 பேர். இரு குழுக்களுக்கும் சமமாகப் பிரித்தால் 78 கொத்துகள், 1,560 பேர்.

இப்போது வெட்டுக்கு வருவோம். மொத்தச் செலவு 100 பங்கு என்றால், அதில் 40 பங்கு எத்தனை பேரைச் சந்தித்தாலும் மாறாத செலவாக இருப்பது அரிதல்ல. வினாத்தாள் தயாரிப்பு, மொழிபெயர்ப்பு, டேப்லெட்டில் நிரல் ஏற்றுவது, கணக்கெடுப்பாளர் பயிற்சி, மேற்பார்வையாளர் சம்பளம், அறநெறிக் குழுவின் கட்டணம், தரவைச் சுத்தம் செய்வது எல்லாம் அதில் அடங்கும். மீதி 60 பங்குதான் கொத்துகளின் எண்ணிக்கையோடு ஏறி இறங்கும். நீங்கள் 30 பங்கை எடுத்தால், அது முழுக்க முழுக்க இந்த 60-லிருந்துதான் போகும். 78 கொத்துகள் 39 ஆகும். 30 விழுக்காடு வெட்டு என்று நீங்கள் கையெழுத்திட்டது, களத்தில் 50 விழுக்காடு வெட்டு.

விளைவு இன்னும் மோசம். 39 கொத்துகளில் 80 விழுக்காடு திறனோடு காணக்கூடிய மிகச் சிறிய விளைவு 0.2-லிருந்து 0.28 ஆக ஏறுகிறது. உண்மையான விளைவு 0.2 ஆகவே இருந்தால், அதைக் கண்டுகொள்ளும் வாய்ப்பு 80-லிருந்து ஏறத்தாழ 50 விழுக்காடாக விழுகிறது. நன்றாக வேலை செய்யும் ஒரு திட்டத்தை "பலனில்லை" என்று எழுதிவிடும் வாய்ப்பும் அதே 50. இதைவிட எங்களைக் கவலைப்பட வைப்பது வேறொன்று. அந்த அளவு திறனில் முக்கியத்துவ வரம்பைத் தாண்டி வெளிவரும் மதிப்பீடுகள், சராசரியாக உண்மையைவிட 1.4 மடங்கு பெரியவையாக இருக்கும். சிறிய மாதிரியில் பெரிதாகத் தெரிந்தால்தான் வரம்பையே தாண்ட முடியும் என்பதே காரணம். அந்த ஊதிப்போன எண்ணை வைத்து அடுத்த ஆய்வாளர் தன் மாதிரி அளவைத் தீர்மானிப்பார். அவர் மாதிரியும் சிறுத்துப் போகும். 2017-ல் எகனாமிக் ஜர்னல் இதழில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 6,700-க்கும் மேற்பட்ட பொருளியல் ஆய்வுகளின் மதிப்பீடுகளைத் திரட்டிப் பார்த்தது. அந்த ஆய்வுகள் சேர்ந்த துறைகளின் இடைநிலைத் திறன் (துறைகளைத் திறன்படி வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) 18 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்பது அதன் முடிவு. அத்தனைக்கும் நல்கைக் குழுக்கள் காரணமல்ல. உங்கள் கையில் இருக்கும் பங்கைத்தான் கேட்கிறோம்.

மதிப்பீட்டாளர்கள் சிலர் நல்ல மனதோடு ஒரு யோசனை எழுதுவதுண்டு: "கொத்துகளைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் கூடுதல் பேரைச் சந்தியுங்கள்." 78 கொத்துக்குப் பதில் 39, கொத்துக்கு 20-க்குப் பதில் 40. நேர்காணல்கள் அதே 1,560. ஆனால் பயனுள்ள மாதிரி (தனித்தனியாகப் பிரித்த எத்தனை பேருக்குச் சமம் என்ற எண்) ஏறக்குறைய 800-லிருந்து 529 ஆகிறது. ஒப்புமை 0.05 உள்ள இடத்தில், ஒரு கொத்தில் ஆயிரம் பேரைக் கேட்டாலும் அது தனித்தனியான 20 பேருக்கு மேல் தகவல் தராது.

வெட்டும்போது முதலில் பலியாவது முன்னோட்ட ஆய்வு, அடுத்தது விலகிப்போனவர்களைத் தேடிப் பிடிக்கும் செலவு. இரண்டும் ஆடம்பரமாகத் தெரியலாம். கொத்துக்குள் ஒப்புமை எவ்வளவு, திட்டத்தை எத்தனை பேர் உண்மையில் ஏற்றுக்கொள்வார்கள் என்பதை முன்னோட்டம்தான் சொல்லும். அழைக்கப்பட்டவர்களில் பாதிப் பேரே சேர்ந்தால் தேவையான மாதிரி இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. அது மூன்றாம் ஆண்டில் தெரியவந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. தேடிப் பிடிக்கும் செலவோ இன்னும் அடிப்படையானது. திட்டத்தில் சேர்ந்தவர்கள் தொடர்பில் இருப்பார்கள், ஒப்பீட்டுக் குழுவினர் நழுவுவார்கள். இப்படி ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகக் கரைந்தால் வரும் சாய்வை எவ்வளவு பெரிய மாதிரியும் சரிசெய்யாது.

ஆகவே எங்கள் கோரிக்கை. படிவத்தில் பத்துப் பக்கம் "சமூகத் தாக்கம்" கேட்பதைக் குறைத்து, ஒரே பக்க அட்டவணை கேளுங்கள். மாறாச் செலவு எவ்வளவு, ஒரு கொத்துக்கு எவ்வளவு, ஒரு நேர்காணலுக்கு எவ்வளவு. ஒப்புமை, ஏற்பு விகிதம், விலகல் விகிதம் ஆகியவற்றுக்கு எடுத்துக்கொண்ட எண்கள் எந்தத் தரவிலிருந்து வந்தன. முழுத் தொகை, 85 விழுக்காடு, 70 விழுக்காடு கிடைத்தால் காணக்கூடிய மிகச் சிறிய விளைவு எவ்வளவு. இதற்குக் கீழே போனால் ஆய்வை நடத்துவதில் பொருளில்லை என்ற அடிமட்டத் தொகை எது. தொகை அதற்குக் கீழே போகும் என்றால் தராதீர்கள். பட்டியலின் கடைசியில் இருப்பவரை விட்டுவிட்டு மேலே இருப்பவருக்கு முழுதாகக் கொடுங்கள், அல்லது கடைசியில் இருப்பவருக்கு முன்னோட்ட நல்கை மட்டும் கொடுங்கள். வறுமை ஒழிப்புச் சோதனைகளுக்கு நிதி தரும் ஜே-பால் போன்ற அமைப்புகள் முன்னோட்டத்துக்கும் முழு ஆய்வுக்கும் தனித்தனி நல்கை வைத்திருக்கின்றன.

வெட்டியே ஆக வேண்டுமென்றால், மூன்று வாரம் கொடுத்து ஆய்வாளரிடமே திருப்பி அனுப்புங்கள். மாதிரியைச் சிறுக்க வைக்காமல் கேள்வியைக் குறைக்க வழி உண்டு. இரண்டு விதத் திட்டங்களும் ஓர் ஒப்பீட்டுக் குழுவும் சம அளவில் இருக்கும் ஆய்வில், ஒரு திட்டத்தை விட்டுவிட்டால் மூன்றில் ஒரு பங்கு களச் செலவு மிஞ்சும். மிச்சமிருக்கும் ஒப்பீட்டின் திறன் அப்படியே இருக்கும். அமெரிக்கப் பொருளியல் சங்கம் சமவாய்ப்புச் சோதனைகளுக்காக 2013-ல் தொடங்கிய பதிவேட்டில் பகுப்பாய்வுத் திட்டத்தை ஏற்கெனவே பதிந்தவர்கள், அதைத் திருத்திப் பதியவும் இந்த அவகாசம் வேண்டும்.

அரசுப் பதிவுகளையும் வரித் தரவுகளையும் வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்குச் சிக்கல் வேறு. அங்கே பணத்தைக் காட்டிலும் கடிகாரம்தான் ஆய்வைக் கெடுக்கிறது. நல்கைக் காலம் ஆணை வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது, தரவு அனுமதியோ பல மாதம் கழித்து வருகிறது. அதுவரை உதவி ஆய்வாளரின் சம்பளம் கரைகிறது. அனுமதிக் கடிதம் வந்த நாளைத் தொடக்க நாளாக வைத்தால் இது தீரும்.

விண்ணப்பிப்பவர்கள் பக்கமும் பிழைகள் உண்டு. அவற்றைப் படிவத்தின் வழிகாட்டுதலிலேயே தடுக்கலாம். 15 விழுக்காடு விலகலுக்கு மாதிரியில் 15 விழுக்காட்டைக் கூட்டுகிறார்கள். 0.85-ஆல் வகுக்க வேண்டும். கொத்துக்கு 20 பேர் மிஞ்ச 24 பேரிடம் தொடங்க வேண்டும், 23 போதாது. நிறுவன மேற்செலவு (பொதுச் செலவுக்கு நிறுவனம் எடுத்துக்கொள்ளும் தொகை) நேரடிச் செலவில் 25 விழுக்காடு என்பது ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் விதி. மொத்த உச்சவரம்பு 100 என்றால் ஆய்வுக்கு 80 மிஞ்சும். பலர் 75 என்று போட்டு, தங்கள் களச் செலவைத் தாங்களே சுருக்கிக்கொள்கிறார்கள். உங்கள் விதி எதுவானாலும், எந்தத் தொகையின் மேல் விழுக்காடு என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு அச்சிடுங்கள்.

அடுத்த விண்ணப்ப அழைப்பில் இந்த அட்டவணையைச் சேர்ப்பதாக இருந்தால், அழைப்பு வெளியாவதற்கு இரண்டு மாதம் முன்பே அதன் மாதிரிப் படிவத்தை வெளியிடுங்கள். ஒரு கொத்துக்கு ஆகும் செலவைக் களக் குழுக்களிடம் கேட்டு வாங்கவும், ஒப்புமை எண்ணைப் பழைய தரவிலிருந்து கணக்கிடவும் அவ்வளவு காலம் பிடிக்கும்.

இப்படிக்கு,
பொருளியல் ஆய்வு முன்மொழிவுகளை எழுதியும் மதிப்பிட்டும் வருவோர்