தங்கூசியில் சிக்கிய கொண்டைக்குருவி

வெள்ளவத்தை,
தை 4

அன்பின் தவமணிக்கு,

உன்னுடைய ஐப்பசி மாதக் கடிதம் இன்னும் என் மேசையில், கண்ணாடிக் கூட்டுக்குக் கீழே கிடக்கிறது. மூன்று மாதமாகப் பதில் எழுதாததற்கு நீ என்ன சொல்லித் திட்டுவாய் என்பது எனக்குத் தெரியும்; விடுதியில் விடியற்காலையில் என்னை எழுப்பும்போது சொன்ன அதே சொற்களாகத்தான் இருக்கும். முழங்கால் வலி பரவாயில்லை. சின்னவளுக்குக் கலியாணப் பேச்சு நடக்கிறது. முற்றானால் முதலில் உனக்குத்தான் அறிவிப்பேன். பரமேஸ்வரி ரீச்சரைக் கோயிலில் கண்டேன், குரல் அப்படியே இருக்கிறது. மற்றவை பிறகு. கடந்த செவ்வாய்க்கிழமை நடந்த ஒன்றை உனக்குச் சொல்லாமல் எனக்கு நிம்மதி வராது.

மார்கழி விடுமுறைக்குப் பேரன் கவினுக்குப் பாடசாலையில் ஒரு செயற்றிட்டம் கொடுத்தார்கள்: வீட்டிலுள்ள பொருட்களைக் கொண்டு பறவைகளுக்கு இரை வைக்கும் கலம் ஒன்றைச் செய்ய வேண்டும். கூடத் தந்த தாளில், பைன் மரக் காயின் இடுக்குகளில் கச்சான் பட்டரையும் கொழுப்பையும் பூசி, தானியத்தில் உருட்டித் தொங்கவிடும்படி எழுதியிருந்தது. பனி கொட்டும் நாடுகளில் அது பொருத்தமான முறைதான். உடற்சூட்டைக் காக்கப் பறவைகளுக்கு அங்கே கொழுப்பு வேண்டும், அந்தக் குளிரில் கொழுப்பும் உறைந்தே நிற்கும். எங்கள் பல்கனியில் அது காலை பத்து மணிக்கே உருகி இறகுகளில் ஒட்டிவிடும். அதனால் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, தேங்காய் துருவி மிஞ்சிய சிரட்டைகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

மூன்றாம் மாடியில் இருக்கும் நெத்மி என்ற சிங்களப் பிள்ளையும் வந்து சேர்ந்தாள். சிரட்டையின் அடியில் மழைநீர் வடிய எப்படித் துளையிடுவது என்று நான் ஆணியைச் சூடாக்கிக்கொண்டிருக்க, அவள் கண் சிரட்டை ஒன்றைத் தூக்கிப் பிடித்து, அதன் மெல்லிய கண்ணை ஒரு குச்சியால் குத்தித் திறந்து காட்டினாள். ஐம்பது வருடமாகத் தேங்காய் உடைக்கும் எனக்கு அது தோன்றவில்லை, தவம். விளிம்பில் மட்டும் மூன்று துளைகள் இட்டோம். ஒரு சிரட்டையில் குரக்கனும் சாமையும், இன்னொன்றில் பப்பாசித் துண்டும் கதலிப்பழமும் வைத்தோம். ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றில் இரண்டு மர அகப்பைகளைக் குறுக்கே செருகி, தானியம் சிறிது சிறிதாக அகப்பைக் குழிக்குள் சரிந்து விழும்படியும் செய்தோம். அதைச் செய்ய ஒரு மாலை முழுவதும் போயிற்று.

முதல் மூன்று நாளும் அணில்தான் வந்தது. பிறகு மைனாக்கள் வந்தன. நான்காம் நாள் காலையில் இரண்டு கொண்டைக்குருவிகள் பப்பாசிச் சிரட்டையில் வந்து உட்கார்ந்தன. நெத்மி சிங்களத்தில் "கொண்ட குருல்லா" என்று கத்தினாள், கவின் தமிழில் "கொண்டைக்குருவி" என்று கத்தினான். இரண்டும் ஏறக்குறைய ஒரே சொல் என்பதை உணர்ந்தபோது இரண்டு பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்ட விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து இருவரும் ஒரு கொப்பியில் வந்த பறவை, நேரம், தின்றது ஆகியவற்றை இரண்டு மொழியிலும் எழுதி வருகிறார்கள்.

இனி நான் சொல்ல வந்தது. சிரட்டைகளைத் தொங்கவிடக் கயிறு தேடியபோது, அலுமாரியில் கிடந்த தங்கூசியை, அந்த மீன்பிடி நைலோன் நூலை, எடுத்துக் கொடுத்தவள் நான்தான். கண்ணுக்குத் தெரியாது, மழையில் உக்காது என்று நினைத்தேன். முடிச்சுப் போட்டபின் மிஞ்சிய நுனியை வெட்டாமல் விட்டதும் நான்தான். செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குக் கவின் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தான். கொண்டைக்குருவி ஒன்று அந்த நுனியில் விழுந்த சுருக்கில் கால் மாட்டி, தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்துக்கொண்டிருந்தது. அது உதறும் ஒவ்வொரு முறையும் சுருக்கு இறுகியது. துவாய் ஒன்றால் மூடி அதைக் கையில் எடுத்தேன். இருட்டானதும் பறவை அடங்கிவிட்டது, ஆனால் அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்த வேகத்தை இப்போதும் உணர்கிறேன். வாலின் அடியில் இருக்கும் அந்தச் சிவப்பு, தீக்குச்சி அளவு தடிப்புக்கூட இல்லாத கறுத்தக் கால், அதில் தோலுக்குள் புதைந்திருந்த தங்கூசி. நகம் வெட்டும் கத்தரியின் நுனியைத் தோலுக்கும் நூலுக்கும் இடையில் செலுத்த எனக்கு மூன்று தடவை கை நடுங்கியது. கடைசியில் கவின்தான் வெட்டினான். ஒன்பது வயதுப் பிள்ளை, மூச்சை அடக்கிக்கொண்டு வெட்டினான்.

துளையிட்ட சப்பாத்துப் பெட்டிக்குள் அதை அரை மணித்தியாலம் இருட்டில் வைத்தோம். தண்ணீரை வாயில் ஊற்றக் கூடாது, அடிக்கடி திறந்து பார்க்கவும் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி நானும் காத்திருந்தேன். மூடியைத் திறந்ததும் அது ஒரு கணம் விளிம்பில் நின்று, எதிர்வீட்டு மாமரத்துக்குப் பறந்தது. அந்தக் காலைக் கிளையில் ஊன்றியதா இல்லையா என்பதை எங்களால் பார்க்க முடியவில்லை. அன்று பகல் கவின் சாப்பிடவில்லை.

அன்றிரவு இலண்டனுக்குத் தொலைபேசி எடுத்து மூத்தவனுக்கு இதைச் சொன்னேன். அவன் ஆறுதல் சொல்லவில்லை, வேறொன்றைச் சொன்னான். அங்கே தோட்டம்தோறும் இரை வைக்கிறார்கள். 2005ஆம் ஆண்டளவில், புறாக்களிடம் முன்பே இருந்த ஓர் ஒட்டுண்ணி நோய் சிறு குருவிகளுக்கும் தொற்றி, எச்சில் பட்ட இரையாலும் தண்ணீராலும் பரவி, தொண்டை அடைத்து விழுங்க முடியாமல் அவை பெருந்தொகையாக இறந்தனவாம். கிரீன்பிஞ்ச் என்ற பச்சைக் குருவியினம் அதில் மிகவும் குறைந்துபோயிற்று. அன்பாக வைத்த கலமே நோயைக் கைமாற்றியிருக்கிறது. தவம், நாங்கள் அழைத்ததால்தான் அவை ஓரிடத்தில் கூடுகின்றன. அப்படியானால் அந்த இடத்தில் அவற்றுக்கு நேர்வதற்கு நாங்கள்தான் பொறுப்பு. இதை நினைத்து நினைத்து இரண்டு இரவுகள் எனக்குத் தூக்கம் வரவில்லை. எல்லாவற்றையும் கழற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

சனிக்கிழமை பிள்ளைகள் இருவரையும் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குக் கூட்டிச் சென்றேன். 2018இல் கொழும்பு, ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ், உலகின் முதல் பதினெட்டு ஈரநில நகரங்களுள் ஒன்றாக அங்கீகரிக்கப்பட்டதற்கு இவ்வாறான சதுப்பு நிலங்களே காரணம். மரப்பாதையில் நின்று கொக்கையும் மீன்கொத்தியையும் வெகுநேரம் பார்த்த கவின், "அம்மம்மா, இவற்றுக்கு எங்கள் சிரட்டை தேவையில்லைத்தானே?" என்று கேட்டான். தேவையில்லை என்றுதான் சொன்னேன். குருவிகளும் தங்கள் குஞ்சுகளுக்குப் பூச்சியைத்தான் ஊட்டும், எங்கள் குரக்கனை அல்ல. தேன்சிட்டுக்கு வேண்டியது செவ்வரத்தைப் பூ. ஆனால் அந்தச் சிரட்டை இல்லாவிட்டால் அவன் ஒரு கொண்டைக்குருவியின் காலை இவ்வளவு அருகில் பார்த்திருக்க மாட்டான் என்பதும் உண்மை. அவன் நெடுநேரம் பேசாமல் நடந்துவிட்டு, "அப்படியென்றால் சரியாகச் செய்வோம்" என்றான்.

இப்போது தங்கூசி முழுவதையும் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டோம். தடித்த தும்புக் கயிறுதான் கட்டுகிறோம். ஒரு நாளைக்குத் தின்று முடியும் அளவே வைப்பது, பழம் புளிக்குமுன் எடுத்துவிடுவது, எலி வராமல் இரவில் கலங்களை உள்ளே கொண்டுவருவது, சிரட்டைகளைக் கொதிநீரில் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைப்பது, பிறகு பிள்ளைகள் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுவது என்பவை வழக்கமாகிவிட்டன. மிஞ்சிய பாணையும் மிக்சரையும் போடக் கேட்டார்கள், நான் விடவில்லை. பாண் வயிற்றை நிரப்பும், சத்துத் தராது, உப்போ சிறு பறவைகளுக்குக் கேடு. மண்சட்டியில் தண்ணீரும் வைக்கிறோம், அதைத் தினமும் மாற்றுகிறோம். இரண்டாம் மாடி மாமி சனிக்கிழமைகளில் காகத்துக்கு வைக்கும் சோற்றை இப்போது மொட்டைமாடி மதிலில் வைக்கிறார். கேட்டவுடன் மனம் கோணாமல் இடத்தை மாற்றிக்கொண்டார். எச்சம் விழுகிறது என்று தொடர்மாடி நிர்வாகக் குழு ஒரு கடிதம் அனுப்பியது. கீழே தட்டு வைத்துக் கழுவுகிறோம், அவ்வளவுதான்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இணுவில் வீட்டில் தைப்பூசத்தன்று உன் அப்பு வயலிலிருந்து புதிர், முதல் விளைந்த நெற்கதிர், எடுத்து வந்து, கதிர்க்கட்டை விறாந்தை வளையில் கட்டுவாரே, நினைவிருக்கிறதா? அடைக்கலக்குருவிகள், சிட்டுக்குருவிகள் என்பார்களே, அவை கதிரில் தலைகீழாகத் தொங்கி ஒவ்வொரு மணியாக உமி நீக்கித் தின்னும்; மிஞ்சிய வைக்கோலையும் கூட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும். நாங்கள் பாயில் படுத்தபடியே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். அதைவிட நல்ல கலத்தை யாரும் செய்துவிட முடியாது என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் ஒழுங்கையில் அந்தக் குருவியை நான் கண்டு பல வருடங்களாகின்றன. 2010 முதல் மார்ச் 20ஆம் திகதியைச் சிட்டுக்குருவிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அன்று ஒரு கதிர்க்கட்டையும், கூடு கட்ட வாய் சிறுத்த மண்முட்டி ஒன்றையும் தொங்கவிட வேண்டும் என்று பிள்ளைகள் கொப்பியில் எழுதிவிட்டார்கள். வரும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

உங்கள் வயலில் வெட்டு முடிவதற்குள், மொட்டைக்கறுப்பன் நெற்கதிரில் இரண்டு பிடி தாளோடு அரிந்து, ஈரம் போக உலர்த்தி, இரவு பஸ்ஸில் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு. வண்டு மருந்து அடித்த கதிர் வேண்டாம். கட்டுவதற்கு நைலோன் நூலும் வேண்டாம், தவம், வாழைநார் போதும்.

அன்புடன்,
உன் இராசம்