பொலோனியாவிலிருந்து ஒரு கடிதம்

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. இந்த ஊரில் தெருவோரமெல்லாம் தூண் வைத்த கூரைநடை, நகர நடுவில் மட்டும் 38 கிலோமீட்டர் இருக்குமாம். மழை கொட்டினாலும் குடையில்லாமல் வேலைக்குப் போய்விடலாம். நான் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு என் இத்தாலிய மொழி ஒருவழியாகப் புரிய ஆரம்பித்திருக்கிறது.

ஞாயிறு சாமிநாதர் கோவிலுக்குப் போனேன், இங்கே அவரை தொமினிக் என்கிறார்கள். ஜெபமாலை மாதா படத்தில் கறுப்பு வெள்ளை அங்கியோடு முழந்தாளிட்டிருப்பாரே, அவரேதான். ஸ்பெயின்காரர். 1216-ல் போப்பாண்டவர் அவருடைய சபையை அங்கீகரித்தார். 1221 ஆகஸ்ட் 6-ல் இந்த ஊரிலேயே இறந்தார். மாதா ஜெபமாலை கொடுத்த கதை அவர் காலத்து எழுத்துகளில் இல்லை என்கிறார்கள். அதற்காக நீங்கள் ஜெபமாலையைக் கீழே வைத்துவிடாதீர்கள்.

சாகும்போது அவருக்குச் சொந்தமாகக் கட்டில்கூட இல்லை. மோனேதா என்ற சபைச் சகோதரரின் அறையில், அவர் கொடுத்த அங்கியில் உயிர்விட்டார். சகோதரர்களின் காலடியில் புதைத்தால் போதும் என்றாராம். இப்போது போய்ப் பார்த்தால் ஆளுயரத்தைத் தாண்டிய பளிங்குக் கல்லறை! 1264-ல் நிக்கோலா பிசானோ என்ற சிற்பி தொடங்கியது; பின்னால் வந்தவர்கள் மேலே மேலே சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். மெழுகுதிரித் தண்டு பிடித்த சம்மனசு, அதுதான் தேவதூதர், ஒன்று மிக்கேலாஞ்சலோ இருபது வயதுவாக்கில் செதுக்கியது. பெயர்தான் சம்மனசு, கழுத்தும் தோளும் மூட்டை தூக்குகிறவனுடையவை. சாமிநாதர் கேட்டது இதையல்லவே என்று மனது முணுமுணுத்தது, கண்தான் நகரவில்லை.

தம்பிக்கு ஒரு சேதி. சாமிநாதர் ஸ்பெயினில் பலென்சியா என்ற ஊரில் படித்தபோது பஞ்சம் வந்தது. குறிப்பெழுதி வைத்திருந்த தோல் புத்தகங்களை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். மனுஷர் பசியில் சாகும்போது செத்த தோலை வைத்துப் படிக்க மாட்டேன் என்றாராம். அதே மனிதர் பிற்பாடு தன் ஆட்களைப் பாரிசுக்கும் பொலோனியாவுக்கும், பல்கலைக்கழகம் இருக்கிற ஊராகப் பார்த்து அனுப்பினார். படிக்காமல் பிரசங்கம் செய்யக் கூடாது என்பது அவர் கட்சி. இதை அவனிடம் முழுசாகச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்தினால் பிளஸ் டூ புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடுவான்.

அப்புறம், பணம் போட்டுவிட்டேன். சித்தியின் சீட்டுப் பணத்தை முதலில் கட்டிவிடுங்கள். மிச்சத்தில் கண்ணாடி மாற்றுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் அன்பு மகன்