செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை

தலைவர் அவர்களுக்கும், ஆயர் ஐயா அவர்களுக்கும், வந்திருக்கிற அங்கத்தினர்களுக்கும், வராத அங்கத்தினர்களுக்கும் கர்த்தருக்குள் ஸ்தோத்திரங்கள்.

குன்னூரில் வேலைக்குப் போகிற விசுவாசிகளுக்கென்று நடக்கிற நமது ஐக்கியத்தின் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். போன வருஷ அறிக்கை நீளம் என்று சிலர் சொன்னதாகக் காதுக்கு வந்தது. இந்த வருஷமும் நீளம்தான். அடுத்த வருஷம் வேறு யாராவது எழுதினால் சுருக்கமாக இருக்கலாம்.

மாதாந்தரக் கூட்டம் இரண்டாம் சனிக்கிழமை மாலை 4.30 மணிக்கு நடந்தது. பன்னிரண்டில் பதினொன்று நடந்தது. நவம்பர் கூட்டத்தன்று ரோட்டில் மரம் விழுந்துவிட்டதால் நானும் தலைவரும் மட்டும் ஜெபித்துவிட்டுக் கலைந்தோம். உபவாச ஜெபம் இரண்டு. ஆஸ்பத்திரி சந்திப்பு ஆறு. கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் ரவுண்டு மூன்று இரவு, ஓட்டுப்பட்டறையிலிருந்து வண்டிச்சோலை வரை. நாலு பேருக்கு இருமல். அறுப்பின் பண்டிகையில் நம் ஐக்கியத்தின் சார்பில் ஒரு கூடை கேரட்டும் முட்டைக்கோஸும் வைத்தோம். படைத்ததை ஏலம் விட்டபோது அதை நானே எடுக்க வேண்டியதாயிற்று.

ஜூன் கூட்டத்தில் வேலை இடத்தில் சாட்சி என்ற தலைப்பில் பேசினோம். அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிற தங்கை ஒருவர் தன் மேஜையில் வசன ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைச் சொன்னார். எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா மட்டும், "உன் மேஜைக்கு வர்றவங்க எத்தனை தடவை அலைஞ்ச பிறகு அந்த வசனத்தைப் பார்க்கிறாங்க?" என்று கேட்டார். கூட்டம் கொஞ்சம் இறுகிப்போயிற்று. ஜூலையில் அந்தத் தங்கை தானாகவே எழுந்து சொன்னார்: "ஸ்டிக்கரை எடுக்கலை அண்ணா. ஆனா, நாளைக்கு வாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை அதைப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்." இந்த வருஷம் கேட்ட பிரசங்கங்களில் எனக்கு நினைவில் நிற்பது இதுதான். ஆயர் ஐயா மன்னிக்கவும்.

டாக்சி ஓட்டுகிற நம் தம்பியின் சாட்சியையும் பதிவு செய்கிறேன். ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வந்தது. காசில்லாமல் போனிலேயே எடுத்துக்கொள்ளலாம். விவரம் தெரியாமல் வருகிறவர்களிடம் அதற்கு 200 ரூபாய் கேட்டவர்களும் இருந்தார்கள். தம்பி தன் போனிலேயே எடுத்துக் கொடுத்து அனுப்பினார். ஸ்டாண்டில் அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. 2025 ஏப்ரல் முதல் ஒரு நாளைக்கு, வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்துவிட்டது. சீசன் எப்படிப் போகும் என்ற கவலையில் இருக்கிறார். அவருக்காக ஜெபிக்கவும், வெளியூர் போகும்போது அவர் வண்டியைக் கூப்பிடவும்.

ஆகஸ்டில் நானே ஒரு கட்டுரை வாசித்தேன். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாசல் மிஷன்காரர்கள் 1846இல் நம் கேத்தியில் ஊழியம் தொடங்கியதும், அங்கே குடியிருந்த காசமேஜர் என்ற ஓய்வுபெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தன் சொத்தை மிஷனுக்கே எழுதிவைத்ததும் பலருக்குத் தெரியும். அதே மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தது ஏன் என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன். ஞானஸ்நானம் எடுத்ததால் வீட்டையும் தொழிலையும் இழந்து நின்றவர்களுக்குக் கூலி வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்தினால் மட்டும் போதாது, திங்கட்கிழமைக்கு வேலை வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. எனக்குக் கொடுத்தது 15 நிமிஷம், எடுத்தது 40 நிமிஷம் என்று புகார் வந்தது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டதாகச் சொன்னவருக்குச் சொந்த ஸ்கூட்டர் இருக்கிறது.

இனி தராசு விஷயம். இதைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசுவதால் முழுதாக எழுதிவிடுகிறேன்.

நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 26 வருஷம் இலை எடை போட்டவன். பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதனால்தான் ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் இலை வேண்டியிருக்கிறது. அது செடிக்குள் இருக்கிற தண்ணீர். மழை நாளில் இலைமேல் ஒட்டிக்கொண்டு வருகிற தண்ணீர் வேறு. அதைக் கழிப்பது நியாயம். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் பாவம் நுழைகிறது. நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர், நவம்பரில் மூட்டைக்கு இரண்டு கிலோ மழைக்கழிவு, ஒரு கிலோ சாக்குக்கழிவு போடு என்பார்கள். போடுவேன். டிசம்பரில் வெயில் அடிக்கும்போதும் அந்த இரண்டு கிலோவைப் போட்டுக்கொண்டேதான் இருந்தேன். நிறுத்தச் சொல்லி உத்தரவு வரவில்லை.

ஒரு நாள் ஒரு பாட்டி, அரை ஏக்கர்கூட இருக்காது, தலையில் போட்டிருந்த சாக்குத்துணியோடு வந்து நின்றார். சீட்டைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார். "ஏன் தம்பி, மழை என் சாக்குல மட்டுமா பெய்யுது?" என்றார். சத்தம் போடவில்லை. நான் அடுத்த மூட்டையை ஏற்றச் சொன்னேன். அந்த வாரமும் ஆராதனையில் காணிக்கைப் பை எடுத்தது நான்தான். மேலிடத்து உத்தரவு, நான் சம்பளக்காரன், பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் உண்மை. பாட்டி கேட்டதும் உண்மை.

ஓய்வுபெற்ற பிறகு எனக்குத் தோன்றியது இதுதான்: மூட்டையை ஏஜென்டிடம் ஏற்றுவதற்கு முன் சிறு விவசாயி தானே ஒருமுறை எடை பார்த்துக்கொள்ள ஒரு தராசு பொதுவாக இருந்தால் நல்லது. தேயிலை வாரியம் மாதாமாதம் விலை அறிவிக்கிறது. அதைப் பேப்பரில் பார்க்கலாம். எடையை எந்தப் பேப்பரில் பார்ப்பது? ஜூலையில் 100 கிலோ எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கி, முத்திரை போட்டு, என் வீட்டு முன்வாசலில் வைத்தோம். கட்டணம் கிடையாது. இதுவரை நோட்டில் 212 பதிவு இருக்கிறது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நம் சபையார் அல்ல. பக்கத்து ஹட்டிகளிலிருந்து, அதாவது படுகர் ஊர்களிலிருந்து, வந்தவர்கள். இரண்டு ஏஜென்டுகள் இப்போது சீட்டில் கழிவைத் தனியாக எழுதிக் கொடுக்கிறார்கள். கழிவு குறைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஜெபக் கூட்டத்துக்கு எதற்குத் தராசு என்று கமிட்டியில் கேட்டார்கள். நீதிமொழிகள் 11இன் முதல் வசனத்தையே காட்டினேன்: கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம். சுமுத்திரையான நிறைகல் என்பதை முத்திரை போட்ட எடைக்கல் என்று நான் புரிந்துகொள்கிறேன். தொழிலாளர் துறைக்காரர் வருஷம் ஒருமுறை குத்துகிறாரே, அதே முத்திரை. தரங்கம்பாடி டூருக்கென்று சேர்த்த பணத்தில் வாங்கியது தவறு என்றும் சொன்னார்கள். மிஷனரி சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கிய கடற்கரையைப் பார்க்க எனக்கும் ஆசை உண்டு. கடற்கரை அங்கேயேதான் இருக்கும்.

சரி, இனி எழுத விருப்பமில்லாத பகுதி. கிறிஸ்துமஸுக்கு 40 குடும்பங்களுக்கு ஆளுக்கு 5 கிலோ அரிசி கொடுப்பதென்று, நம் அங்கத்தினராகிய மளிகைக்கடைச் சகோதரரிடம் 8 மூட்டை வாங்கினோம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி போட்டதிலிருந்து மூட்டை 26 கிலோவாக வருகிறது. ஆக 208 கிலோ. 200 போனால் மீதி 8. அவரே கடையில் பை போட்டு, ஹாலுக்கு அனுப்பிவிட்டு, மீதியையும் கொண்டுவந்து இறக்கினார். மீதி எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. தராசை வரவழைத்தேன். பை ஒவ்வொன்றும் 4 கிலோ 750. மீதி 18 கிலோ.

அப்போது ஹாலில் பாடற்குழு பிராக்டிஸ். முப்பது பேர் இருப்பார்கள். நான் "கள்ளத்தராசு" என்ற வார்த்தையைச் சத்தமாகச் சொன்னேன். வேத வார்த்தைதானே என்று பிறகு என்னையே தேற்றிக்கொண்டேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று இரவே 40 பையையும் அவிழ்த்து, என் தராசில் வைத்து, பைக்கு 250 கிராம் போட்டுக் கட்டிவிட்டுப் போனார். அவருடைய மனைவி சணலைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் கை குளிரில் விறைத்திருந்தது. நான் உள்ளே போய் டீ போடச் சொன்னேன். டீ வருவதற்குள் முடித்துவிட்டார்கள். மறுநாள் விசாரித்ததில், கடைத் தராசின் முத்திரை தேதி எப்போதோ முடிந்திருந்தது, ஈரத்தில் அது தப்பாகக் காட்டியிருக்கிறது என்று தெரிந்தது. 18 கிலோ மீதி வந்ததை ஏன் யோசிக்கவில்லை என்றால், கிறிஸ்துமஸ் கூட்டத்தில் கவனிக்கவில்லை என்றார். இப்போது நம்புகிறேன். அன்றைக்கு நம்பவில்லை.

சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய்ச் சொல் என்று மத்தேயு 18இல் இருப்பதைப் பிப்ரவரி வேதபாடத்தில் நடத்தியது நான்தான். என்னைச் சிலர் பார்த்தார்கள். எடையில் நான் சொன்னது சரி, சொன்ன இடம் தப்பு. இதை இங்கே எழுத்தில் வைக்கிறேன். ஜனவரியிலிருந்து அவர் கூட்டத்துக்கு வரவில்லை. நான் இரண்டு முறை கடைக்குப் போனேன். சர்க்கரை ஒரு கிலோ கேட்டேன். புதுத் தராசு வைத்திருக்கிறார். எண் ஒன்றைத் தொட்ட பிறகு இன்னொரு கை அள்ளிப் போட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கட்டிக் கொடுத்தார். இதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

வருகை பற்றி. பேரேட்டில் 41 பேர். கூட்டத்துக்குச் சராசரியாக 13 பேர். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவர்களையும், நைட் டியூட்டி நர்ஸ்களையும் நான் குறை சொல்லவில்லை. சனிக்கிழமை மாலை 4.30க்கு பெட்போர்டில் பஜ்ஜிக்கடை முன்னால் நின்றுகொண்டு, "அண்ணே, கூட்டம் இன்னைக்கா?" என்று என்னிடமே கேட்டவர்களைப் பற்றிச் சொல்கிறேன். ஆறு வருஷமாக இரண்டாம் சனிக்கிழமைதான்.

சந்தா மாதம் 50 ரூபாய். முழுதாகக் கட்டியவர்கள் 17 பேர். பாதி கட்டியவர்கள் 9 பேர். மற்ற 15 பேரில் தரமாட்டேன் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. எல்லாரும் தருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஜிபே வந்த பிறகு சில்லறை இல்லை என்ற காரணமும் போய்விட்டது. இப்போது சிக்னல் இல்லை என்கிறார்கள். மளிகைக்கடைச் சகோதரர் டிசம்பர் வரைக்கும் கட்டியிருக்கிறார், பாக்கி மூன்று மாதம்தான். அதை நான் கேட்கப்போவதில்லை.

வரவு செலவு. விவரம் பொருளாளரிடம் உள்ளது, கேட்பவர்களுக்குக் காட்டுவார். பொதுவாகச் சொன்னால் வரவைவிடச் செலவு கொஞ்சம் கூடுதல். டூர் நிதியில் தராசு போக மீதி பத்திரமாக இருக்கிறது. கிறிஸ்துமஸ் அரிசிக்கு நன்கொடை தனியாக வந்தது. டீ, பிஸ்கட் செலவு அதிகம் என்று தணிக்கை பார்த்தவர் குறித்திருக்கிறார். அவரும் குடித்தார்.

ஹாலைத் தந்த குருசேகரத்துக்கும் (நம் சபை நிர்வாகம்), ஆலோசனை சொன்ன ஆயர் ஐயாவுக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், கூட்டம் முடிந்ததும் நாற்காலி அடுக்கிப்போட்ட வாலிபர்கள் இருவருக்கும், சாவி வைத்திருக்கிற, கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்குட்டி அண்ணனுக்கும் நன்றி. முன்வாசலில் மூட்டை இறங்கி ஏறிச் சேறான தரையைத் தினமும் கழுவுகிற என் வீட்டம்மாவுக்கு ஐக்கியத்தின் சார்பில் இதுவரை யாரும் நன்றி சொல்லாததால் நானே சொல்கிறேன்.

வரும் வருஷம். செயலாளர் பொறுப்பில் நான் தொடர வேண்டுமா என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். தராசு என் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ரோட்டோரம் வீடு இருக்கிற யாராவது கேட்டால் நாளைக்கே ஏற்றி அனுப்புகிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை. ஜூலையில் முத்திரைக் காலம் முடிகிறது. அதற்கு முன் தராசைக் கொண்டுபோய்க் காட்டி மறுமுத்திரை வாங்க வேண்டும். கட்டணத்துக்குப் பாக்கிச் சந்தாவில் பாதி வந்தாலே தாராளம். ஆட்டோவில் வைத்தால் குலுங்கிவிடும். பிக்கப் வண்டி வேண்டும். நம்மில் பிக்கப் வைத்திருப்பவர் ஒரே ஒருவர்தான், யார் என்று உங்களுக்குத் தெரியும். வருகிற வாரத்தில் ஒரு நாள், கடை சாத்துகிற நேரம் பார்த்து, அவரிடம் போய்க் கேட்கலாம் என்று இருக்கிறேன். தனியாகப் போகத்தான் வேண்டும். ஆனாலும் யாராவது ஒருவர் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம்வரை கூட வந்து நின்றால் நல்லது.

இப்படிக்கு,
செயலாளர்
குன்னூர், ஏப்ரல் 2025