செயலாளரின் ஆண்டறிக்கை: ஒரு விளக்கும் ஒரு கவுளி வெற்றிலையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். கும்பகோணம் வட்டாரத்தில் இயங்கிவரும் நமது ஒளிப்படச் சங்கத்தின் ஓராண்டுப் பணிகள் குறித்த அறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வழக்கமாக ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொள்ளிடக் கரைக்கு நாம் மேற்கொள்ளும் வெளிப்பயணங்கள் இம்முறை தொடர்மழையால் நடைபெறவில்லை. அதற்கு ஈடாக, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர் ஒருவரின் வீட்டில் கூடி, இலையிலும் தண்டிலும் காயிலும் இயல்பாக அமைந்துள்ள வடிவங்களை விளக்கொளியில் படமெடுப்பதென்று செயற்குழு முடிவு செய்தது. மழை விட்ட பிறகும் உறுப்பினர்கள் அதையே தொடர விரும்பியதால், இவ்வறிக்கையின் பெரும்பகுதி அப்பணியைப் பற்றியதே.

முதல் கூட்டத்தில் ஒரு கவுளி வெற்றிலையும் ஓர் எல்.இ.டி. விளக்கும் மட்டுமே பயன்படுத்தினோம். விளக்கு கேமராவின் பக்கமிருந்து நேராக விழுந்தபோது இலை வெறும் பச்சைப் பரப்பாகப் பதிந்தது. அதே விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கி, இலையின் பின்புறத்தை உரசிச் செல்லுமாறு வைத்தபோது, காம்பின் அருகே பிரிந்து நுனியை நோக்கி வளைந்து செல்லும் நரம்புகள் வரப்புகளைப் போல எழுந்து நின்றன. இலையைக் கண்ணாடித் தட்டின்மேல் வைத்து அடியிலிருந்து ஒளி கொடுத்ததும், பெரிய நரம்புகளுக்கு இடையே பின்னிக் கிடக்கும் நுண்ணிய வலை முழுவதும் தெரிந்தது. ஒரே இலை, ஒரே லென்ஸ், மூன்று வேறு படங்கள். விலை உயர்ந்த லென்ஸ் இல்லையே என்று தயங்கிய புதிய உறுப்பினர்களுக்கு அன்று கிடைத்த தெளிவை, இவ்வாண்டின் மிகப் பெரிய பயனாகக் கருதுகிறேன்.

அடியிலிருந்து ஒளி கொடுக்கத் தனி மேசை எதையும் நாம் வாங்கவில்லை. வெள்ளைத் திரையைக் காட்டும் டேப்லெட் ஒன்றே போதுமானதாக இருந்தது. ஆயினும் இலையை நேரே திரையின்மேல் வைத்தால் திரையின் புள்ளிகளும் படத்தில் பதிகின்றன. நான்கு விரற்கடை உயரத்தில் கண்ணாடியை நிறுத்தி, அதன் அடியில் டிரேசிங் காகிதம் ஒட்டிய பிறகே ஒளி சீராயிற்று.

வாழை இந்த ஆண்டு நமக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்த நாம் வாழைப்பட்டையைப் பூத்தொடுக்கும் நாராகவே அறிந்திருந்தோம். அதைக் குறுக்கே மெல்லிய வில்லையாக அரிந்து பின்னொளியில் பார்த்தபோது, வீடுகளை வரிசையாகக் கட்டியதுபோல் காற்றறைகளும் அவற்றுக்கு இடையே மெல்லிய சுவர்களும் காணப்பட்டன. அத்தனை பெரிய தண்டு ஏன் அவ்வளவு இலேசாக இருக்கிறது என்பதும் அப்போது விளங்கியது. ஆனால் அரிந்த சில நிமிடங்களிலேயே வில்லை கறுக்கத் தொடங்கிவிடும். சமையலுக்கு நறுக்கும் வாழைத்தண்டை மோரில் போடுவது ஏன் என்று நினைவூட்டிய மூத்த உறுப்பினரான அம்மையார், மோர் கண்ணாடியில் படிந்து மங்கலாக்கும் என்பதால் எலுமிச்சைச் சாறு கலந்த நீரைப் பயன்படுத்தச் சொன்னார். புளிப்பு கறுப்பதைத் தாமதப்படுத்தியதால், நிதானமாகப் படமெடுக்க நேரம் கிடைத்தது.

அன்னாசிப்பழத்தின் கண்கள் இருபுறமும் சுழன்று ஏறுவதைப் பலரும் கவனித்திருப்பீர்கள். தாழ்ந்த பக்கவொளியில் எடுத்த படத்தில் அச்சுழல்களை எண்ணியபோது ஒரு திசையில் 8, மறு திசையில் 13 என்று வந்தது. அடுத்தடுத்து முளைக்கும் பகுதிகள் சுமார் 137.5 பாகை விலகி அமைவதால் இவ்வெண்கள் தோன்றுகின்றன என்பதை, கணித ஆசிரியரான நம் உறுப்பினர் கரும்பலகையில் வரைந்து விளக்கினார்.

சதை நீங்கி நரம்பு வலை மட்டும் எஞ்சும் அரசிலைக் கூடுகள் செய்ய மரத்திலிருந்து எவரும் இலை பறிக்கவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். உதிர்ந்த இலைகளைப் பல வாரங்கள் நீரில் ஊறவைத்து, சதை அழுகியதும் மென்மையான தூரிகையால் நீவி எடுத்தோம். எஞ்சிய நரம்பு வலையைப் பின்னொளியில் எடுத்த படமே நம் கண்காட்சியின் முகப்பில் இடம்பெற்றது.

குறைகளையும் சொல்ல வேண்டும். உள்ளூர்க் கடையொன்றில் வாங்கிய விளக்குகளின் ஒளியில் எடுத்த படங்களில் கிடைமட்டமாகக் கரும்பட்டைகள் விழுந்தன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/100 அல்லது 1/50 நொடி என வைத்த பிறகு அக்குறை நீங்கியது. மின்விசிறி ஓடும் அறையில் இலை ஒரு நொடிகூட அசையாமல் இருப்பதில்லை. விசிறியை நிறுத்திய அறையில் புழுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஒத்துழைத்த வீட்டாருக்குச் சங்கம் கடமைப்பட்டுள்ளது. பொருளை அதன் உண்மை அளவிலேயே முழுச்சட்டக (36 × 24 மி.மீ.) சென்சாரில் பதிக்கும்போது, லென்ஸின் துளையை எஃப் 8 அளவுக்குக் குறுக்கினாலும்கூடத் தெளிவாகக் கிடைக்கும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். ஆகவே குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த பல படங்களை ஒன்றாக இணைக்கும் முறையை இரண்டு கூட்டங்களில் பயின்றோம்.

அவ்வாறு இணைப்பது நேர்மையாகுமா என்ற விவாதமும் எழுந்தது. கண்ணுக்குத் தெரிந்ததைத் தெளிவாக்குவது ஏற்கத்தக்கது, செடியில் இல்லாத நிறத்தையோ கோட்டையோ சேர்ப்பது ஏற்கத்தக்கதன்று என்பதே என் கருத்து. செயற்குழுவும் அதையே விதியாக்கி, கண்காட்சிக்கு வரும் படங்களுடன் மூலக் கோப்புகளையும் பெற்றது.

பெர்லினில் கலை ஆசிரியராக இருந்த கார்ல் பிளாஸ்ஃபெல்ட் பற்றி ஒரு கூட்டத்தில் உரை நிகழ்ந்தது. தாமே அமைத்துக்கொண்ட கேமராவைக் கொண்டு, எளிய பின்னணியில் தளிர்களையும் விதையுறைகளையும் பல மடங்கு பெரிதாக்கிப் படமெடுத்து, மாணவர்களுக்கு வடிவம் கற்பிக்கவே அவர் பயன்படுத்திவந்தார். அப்படங்கள் 1928-ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தபோது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். நம் மூத்த உறுப்பினர்கள் அன்று காட்டிய ஆர்வம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியளித்தது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரும் ஆண்டில் எளிய நுண்ணோக்கி ஒன்றும் ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடத்தும் இரண்டு போலரைசிங் தாள்களும் வாங்க அனுமதி கோருகிறேன். உருளைக்கிழங்கின் மாவுமணிகளை அத்தாள்களுக்கு இடையே வைத்து நோக்கினால், ஒவ்வொரு மணியிலும் கருஞ்சிலுவை ஒன்று தெரியும். சேப்பங்கிழங்கில் நாக்கை அரிக்கச் செய்யும் ஊசிப் படிகங்கள் ஒளிர்வதையும் காணலாம். இவ்விரண்டையும் நம் மேசையிலேயே படமெடுக்க இயலும்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்