பழைய மலையேற்ற இதழ்: வரைபடம் இருக்கிறதா பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய இதழ் சேகரிப்பு பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, மலையேற்றக் கழக வெளியீடுகளை ஒரே வரியில் கடந்துவிட்டது. வாங்க நினைப்பவர்களுக்காக, ‘ஹிமாலயன் ஜர்னல்’ இதழை வைத்துச் சில விவரங்கள்.

1928-ல் தொடங்கிய ஹிமாலயன் கிளப் என்ற மலையேற்றக் கழகம், 1929-ல் இதன் முதல் தொகுதியை வெளியிட்டது. ஆண்டை வைத்துத் தேடினால் குழப்பம்தான். 12-ம் தொகுதி 1940. அடுத்து உலகப் போர். 13-ம் தொகுதி 1946-ல்தான் வந்தது. 14-ம் தொகுதி 1947, 15-ம் தொகுதி 1949. எனவே ‘அபூர்வமான 1943 இதழ்’ என்று யாராவது விலை சொன்னால் நடையைக் கட்டலாம். தொகுதி எண்ணைத்தான் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டுரைகள் இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. “அதான் நெட்ல இருக்கே” என்று நூலகங்கள் எடைக்குப் போடுவதற்கு அதுவே சாக்கு. ஆனால் முதல் 12 தொகுதிகளின் ஆசிரியர் கென்னத் மேசன், சர்வே ஆஃப் இந்தியாவில் நில அளவை அதிகாரியாக இருந்தவர். அவர் இதழில் வரைபடம் அலங்காரத்துக்கு வந்ததல்ல. மடிப்பு வரைபடம், ஒளிப்படத் தாள்கள், மேலட்டை, விளம்பரப் பக்கம் ஆகியவற்றுக்காகத்தான் இன்று அச்சுப் பிரதியை வாங்க வேண்டும். திருட்டுப் போவதும் முதலில் வரைபடமே.

கையில் எடுத்ததும் முன்பக்கத்துப் படப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தையலோரம் விரலகலத் துண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் அங்கே ஒரு தாள் போயிருக்கிறது. பின்னட்டையில் பை இருந்தால் அதையும் துழாவுங்கள். வரைபடத்தை விரித்து, மடிப்புகள் குறுக்கிடும் இடத்தை வெளிச்சத்தில் காட்டுங்கள். கிழிசல் அங்கேதான் தொடங்கும். செலோ டேப் ஒட்டியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். டேப் உதிர்ந்தாலும் பசைக் கறை போகாது.

பைண்டிங் செய்பவர்களால் வரும் சேதம் பூச்சிகளால் வருவதற்குக் குறைந்ததல்ல. மேலட்டையையும் விளம்பரங்களையும் கழித்துவிடுவார்கள். ஓரத்தை மிஷினில் வெட்டும்போது, மடித்த வரைபடத்தின் விளிம்பும் சேர்ந்து போய், ஒரே தாள் மூன்று துண்டாகிவிடும். “ஓரம் வெட்ட வேண்டாம், பக்கவாட்டில் குத்தித் தைக்க வேண்டாம், பசையில் துத்தம் வேண்டாம்” என்று எழுதியே கொடுங்கள். துத்தத்திலுள்ள செம்பு பூச்சியைத் தடுக்கும், காகிதத்தையும் பழுப்பாக்கி நொறுங்க வைக்கும்.

படங்கள் ஆர்ட் பேப்பரில் இருந்தால் ஈரமே ஆகாது. நனைந்து காய்ந்தால் தாள்கள் பாளமாக ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் உரிந்து வரும். இடுக்கில் புதிதாக மாவு உதிர்ந்தால் உள்ளே புழு உயிரோடிருக்கிறது என்று பொருள். இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் உறையைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும்.

இருப்பைக் கழிக்கும் நூலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். தொகுதி எண், வரைபடம் உண்டா இல்லையா, மேலட்டை உண்டா இல்லையா என்று ஒரு பட்டியல் ஒட்டிவிட்டு ஏலம் விடுங்கள். எடைக்குப் போடுவதைவிட நல்ல விலை வரும். தொகுதி குறைந்து தேடுபவர்களுக்கும் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்