வாரத்தில் ஒரு நாள் மாத்திரை

அன்புள்ள சுமதி,

இத்தனை மாதம் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு இப்போது கடிதமா என்று நீ முறைப்பாய். முறைத்துக்கொள். உனக்கும் முடக்குவாதம் என்று ரேவதி சொன்னதிலிருந்து மனசு சரியில்லை. நம் கூட்டத்தில் இதற்கு நான் ஒருத்தி போதாதா? என்னைப் பார்த்து எழுதும் பழக்கத்தை நீ இன்னும் விடவில்லை.

மாத்திரையை ஞாபகப்படுத்தவும் வலியைக் குறித்து வைக்கவும் போனில் ஏதோ ஆப் போட்டிருக்கிறாயாம். நல்லதுதான். ஆனால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஒன்றைப் பார். நம் முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் போடும் மாத்திரை. பெயரைச் சேர்த்ததும் சில ஆப்கள் தாமாகவே ‘தினமும்’ என்று வைத்துக்கொள்ளும். நாம்தான் போய் மாற்ற வேண்டும். தினமும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை அடிபட்டு வெள்ளை அணுக்கள் குறையும். உயிரே போயிருக்கிறது, சுமதி. கூடவே கொடுக்கும் ஃபோலிக் ஆசிடும் பல சமயம் அதே மாதிரி சின்ன மஞ்சள் மாத்திரைதான். இரண்டுக்கும் வேறு வேறு மணியோசை வை. கிழமை டாக்டர் சீட்டில் இருப்பதுதானா என்று ஒத்துப் பார்.

சரி, மிரட்டியது போதும்.

எனக்கு ஆப்பால் கிடைத்த லாபமெல்லாம் டாக்டர் எதிரே உட்காரும்போதுதான். “எப்படி இருந்தது?” என்று கேட்டால் அன்றைய காலையை வைத்துத்தான் வாய் பதில் சொல்லும். அன்று விரல் நன்றாக மடங்கினால் மூன்று மாத அவஸ்தையும் மறந்துபோகும். இப்போது காலை விறைப்பு எவ்வளவு நேரம் நின்றது என்பதைக் காட்டிவிடுகிறேன். அப்புறம் பாதம். நோய் எவ்வளவு தீவிரம் என்று பார்க்க டாக்டர்கள் போடும் டாஸ்28 கணக்கில் தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல், முழங்கால் என்று 28 மூட்டுகள் உண்டு, பாதம் கிடையாது. என் கணக்கு 2.6-க்குக் கீழே இறங்கி, நோய் அடங்கிவிட்டது என்று டாக்டர் மகிழ்ந்த சமயத்தில் எனக்குச் செருப்பே போட முடியவில்லை. பாதத்துக்கென்று நான் தனியாகக் குறித்திருந்ததைப் பார்த்த பிறகுதான் காலை நீட்டச் சொன்னார்.

ஆனால் இந்த ஆப் ஒரு நச்சரிப்பு. தினமும் சாயங்காலம் அழுமூஞ்சிப் படங்களை வரிசையாகக் காட்டி, இன்று எது நீ என்று கேட்கும். வலி இல்லாத நாளில்கூட எங்கேயாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டேன். அதனால் அந்த மணியை அணைத்துவிட்டேன். வாரம் ஒருமுறை குறிப்பதோடு சரி, மூட்டு திடீரென்று சீறும் நாட்களில் மட்டும் கூடுதலாக. இன்னொன்று, முழங்கால் வீக்கத்தைக் கேட்கிற ஆப்புக்கு உன் போனில் இருக்கும் எல்லோருடைய நம்பரும் எதற்கு? அனுமதி கேட்டால் கொடுக்காதே.

ஆப்பில் வலிக்கோடு அழகாக இறங்குகிறதே என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. மெத்தோட்ரெக்ஸேட்டால் ஈரல் கெட ஆரம்பித்தால் அது வலியாகத் தெரியாது. காய்ச்சல் வந்தால் ஆப்பில் எழுதிவிட்டுப் படுத்துக்கொள்ளாமல் டாக்டரைக் கூப்பிடு.

களைப்பு எப்படி இருக்கிறது உனக்கு? மூட்டைவிட அதுதான் என்னைப் படுத்துகிறது. வீட்டில் புரிந்துகொள்கிறார்களா, இல்லை சோம்பல் என்கிறார்களா? விரிவாகச் சொல். விரல் வலித்தால் எழுத வேண்டாம், பேசியே பதிந்து அனுப்பு.

உன்,
மீனா