ராஜேந்திரா கப்பல்காரர்கள் சார்பில் தூத்துக்குடிக்கு ஒரு நன்றி மடல்

தூத்துக்குடி அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கையருக்கும் வணக்கம்.

பிப்ரவரியில் ஒரு வாரக் கடைசியில், காலை ஆறு மணிக்கே பீச் ரோட்டில் கூட்டமாக நடந்துபோன வயசாளிகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் தலைப்பாகை கட்டிய சர்தார் ஒருவர் டீக்கடை வாசலில் நின்று, காற்று எந்தப் பக்கம் என்று சைகையிலேயே விசாரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் எல்லோரும் என் கூட்டாளிகள்; எங்கள் பழைய பேட்ச் சந்திப்புக்காக வந்தவர்கள். கூட வந்த பெண்கள், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அவர்களுடைய குடும்பத்தார்.

வெளியூர்க்காரர்களுக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதி அனுப்பியாயிற்று. இது உங்களுக்கு. வேலை செய்தவர்கள் நீங்கள்தானே.

யார் இவர்கள் என்று பலர் கேட்டீர்கள். எழுபதுகளின் கடைசியில் பம்பாய் துறைமுகத்தில் நின்ற 'டி.எஸ். ராஜேந்திரா' என்ற பயிற்சிக் கப்பலில் கேடட்டாக ஏறியவர்கள். வணிகக் கப்பல் அதிகாரிகளுக்கு நம் நாட்டில் 1927 முதல் 'டஃப்ரின்' என்ற பழைய கப்பலில் பயிற்சி நடந்தது. 1972-இல் அது ராஜேந்திராவுக்கு மாறியது. 1993-இல் ராஜேந்திராவும் போய், நவி மும்பையில் கரையிலேயே கட்டடம் கட்டி அதற்கு 'டி.எஸ். சாணக்யா' என்று பெயர் வைத்தார்கள். கட்டடத்துக்குக் கப்பல் பெயர்! எங்கள் செட்டில் பலருக்கு அது இன்னும் செரிக்கவில்லை. அங்கே ஒன்றாகக் கயிறு இழுத்து, டெக் கழுவி, சீனியரிடம் திட்டு வாங்கியவர்கள் பிறகு ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு கப்பல் என்று போய்விட்டோம். இப்போது பெரும்பாலும் ரிட்டயர் ஆன கேப்டன்கள். கேப்டன்கள் ஒன்றுகூடினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது: உத்தரவு போட இருபது பேர், நாற்காலி தூக்க ஒருவரும் இல்லை.

முதல் நன்றி மண்டபத்து அண்ணாச்சிக்கு. இந்தச் சந்திப்பு 2024 ஜனவரியிலேயே நடந்திருக்க வேண்டியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். அண்ணாச்சியின் மண்டபத்திலேயே தண்ணீர். அந்த நிலையிலும் அவரே போன் போட்டு, "அட்வான்ஸைத் திருப்பித் தரவா, இல்லை தேதி மாத்திக்கிடுறீங்களா?" என்று கேட்டார். தேதியை மாற்றிக்கொண்டோம். வாடகையைப் பழைய கணக்கிலேயே வாங்கினார்.

கீழூர் ஸ்டேஷனில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு வந்த ஆட்டோ தம்பிமாருக்கு அடுத்தது. இரண்டு பேர் சக்கர நாற்காலியில் வந்தார்கள். ஒருவருக்கு இடுப்பு, ஒருவருக்குப் பக்கவாதம். யாரும் சொல்லாமலே பிளாட்பாரம் வரை வந்து தூக்கி உட்காரவைத்தீர்கள். அந்த இரண்டாமவர் ஒரு காலத்தில் பனாமாக் கால்வாய்க்குள் பெரிய கப்பல்களைக் கொண்டுபோனவர். ஆட்டோவில் ஏறும்போது "மெதுவா, மெதுவா" என்று நீங்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கிளம்பும்வரை எல்லோரிடமும் அதையே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சமையல் அண்ணாச்சியைப் பற்றித் தனி மடலே எழுதலாம். சீலா மீன் குழம்பும் பொரிச்ச பரோட்டாவும் எல்லோருக்கும் பிடித்தது, அது எதிர்பார்த்ததுதான். எங்களோடு வந்த வங்காளத்து நண்பர்தான் தொல்லை. ஆயுள் முழுக்கக் கடலில் கிடந்தும், ஆற்று மீனைத்தான் மீன் என்று ஒப்புக்கொள்கிற ஜாதி அவர். முதல் நாள் மத்தியானம் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தயிர்சாதம் சாப்பிட்டார். அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியற்காலையில் ஏரல் பக்கம் ஆளை அனுப்பித் தாமிரபரணிக் கெண்டை வாங்கி வரச் செய்து, கடுகு அரைத்துவிட்டு ஒரு குழம்பு வைத்தார். கடுகு யோசனை யார் கொடுத்ததென்று கேட்டேன். "மொபைல்லதான் பார்த்தேன் சார்" என்றார். வங்காளத்துக்காரர் சமையற்கட்டுக்கே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். முள்ளை மட்டும்தான் மிச்சம் வைத்திருந்தார்.

துறைமுகத்துக்குள் எங்களைக் கூட்டிப்போனது எளிதான காரியமில்லை. முன்பெல்லாம் கப்பல்காரன் பெண்டாட்டி பிள்ளையோடு கேட்டில் போய் நின்றால், கெஞ்சிக் கூத்தாடியாவது உள்ளே விட்டுவிடுவார்கள். 2004 ஜூலை முதல் தேதியிலிருந்து உலகம் முழுக்கக் கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கு ஒரே சட்டம் வந்த பிறகு அந்தக் கதை முடிந்தது. அத்தனை பேருக்கும் ஆதார் நகல், போட்டோ, பாஸ், கேட்டில் சோதனை. கைக்குழந்தைக்கும் பாஸ். இந்தக் காகித வேலை முழுவதையும் ஒற்றை ஆளாகச் செய்தது, எங்களுக்குப் பல வருடம் பின்னால் ராஜேந்திராவில் ஏறிய ஒரு ஜூனியர். பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி, போடவில்லை. ஆனால் தம்பி, அந்தக் காலத்தில் சீனியர் சொன்னால் ஜூனியர் செய்தே ஆக வேண்டும். இப்போது யாரும் சொல்லாமலே செய்தாய்.

பழைய துறைமுகத்தில் தோணியில் ஏற்றிக் காட்டிய தண்டலுக்கும் (தோணிக்கு அவர்தான் கேப்டன்) அவருடைய ஆட்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் ஏற்றிப்போகும் மரக்கலம் இன்னும் ஓடுகிறது என்பதையே எங்களில் பாதிப்பேர் நம்பவில்லை. ரேடாரும் ஜிபிஎஸ்ஸும் வைத்து மூன்று லட்சம் டன் எண்ணெய்க் கப்பல் ஓட்டியவர்கள், அந்தத் தண்டலிடம் நங்கூரக் கயிறு எத்தனை பாகம் நீளம் என்று கேட்டுக் கேட்டு அவரை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். அவரும் சளைக்கவில்லை. "உங்க கப்பல்ல இஞ்சின் நின்னா என்ன பண்ணுவீங்க?" என்று திருப்பிக் கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அப்புறம் பஸ் டிரைவர். ஓட்டப்பிடாரம் எங்கள் திட்டத்திலேயே இல்லை. "கப்பல்காரங்கன்னு சொல்றீங்க, கப்பலோட்டின ஐயா வீட்டைப் பார்க்காமப் போனா எப்படி?" என்று அவராகவே வண்டியைத் திருப்பினார். ஏப்ரல் 5-ஆம் தேதியைத் தேசியக் கடல்சார் தினம் என்று நாங்கள் வருடா வருடம் கொண்டாடுவோம். 1919-இல் அந்த நாளில் சிந்தியா கம்பெனியின் 'லாயல்டி' பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. பயிற்சியில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கும் பன்னிரண்டு வருடம் முன்னால், 1907-இல், ஐயாவின் கப்பல்களான 'காலியா'வும் 'லாவோ'வும் இந்தத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓடியதை வடக்கத்திக்காரர்கள் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. டிரைவர் வாசலில் நின்றே சொன்னார்: 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கம்பெனியைப் பதிவு செய்தது, வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடியோடு குறைத்தது, ஏறுகிறவர்களுக்குக் குடை இலவசம் என்றது, 1908-இல் வெள்ளைக்கார அரசு ஐயாவைப் பிடித்துப்போட்டது, சிறையில் செக்கிழுக்க வைத்தது. நான் மொழிபெயர்த்தேன். குடை கதை வந்ததும் சர்தார் சிரித்துவிட்டார். அவர் கடைசிக் காலத்தில் சரக்குக் கட்டணம் பேசுகிற வேலையில் இருந்தவர். "இதையேதான் இன்றைக்கும் செய்கிறார்கள், குடை மட்டும் தருவதில்லை" என்றார். செக்கு பற்றிச் சொன்னபோது சிரிக்கவில்லை. ஏப்ரல் 5-ஐ மாற்றச் சொல்லவில்லை. அந்த மேடையில் ஐயா பெயரையும் ஒரு வரி சொல்லலாம் என்பது என் அபிப்பிராயம். டிரைவருக்கும் அதே அபிப்பிராயம்தான்.

இனி மதினிமாருக்கு. நண்பர்களின் மனைவியரைத்தான் சொல்கிறேன். பஞ்சாபி, மலையாளி, கோவாக்காரி எல்லோருமே தூத்துக்குடி மண்ணில் கால் வைத்ததும் மதினி ஆகிவிட்டார்கள். முந்தைய சந்திப்புகளில் ஆண்கள் ஒரு மூலையில் கிளாஸோடு உட்கார்ந்து பழைய புயல்களை ஊதிப் பெரிதாக்குவார்கள், பெண்கள் இன்னொரு மூலையில் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இந்த முறை நிகழ்ச்சி நிரலை அவர்களே கையில் எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் அழைப்புப் பட்டியலைத் திருத்தினார்கள். பேட்ச்காரன் ஒருவன் காலமாகிவிட்டால் அவன் வீட்டுக்கு அழைப்பு போவது மெல்ல நின்றுவிடும். எல்லாப் பேட்சிலும் நடப்பதுதான். சென்னையிலிருக்கும் மூன்று மதினிமார் உட்கார்ந்து, பழைய முகவரிகளைத் தேடி, கணவரை இழந்த ஒவ்வொருவருக்கும் போன் செய்தார்கள். மறுத்தவர்களுக்குத் திரும்பவும் செய்தார்கள். ஆறு பேர் வந்தார்கள். அதில் ஒருவர், மணப்பாட்டிலிருந்து வந்த அம்மா, எங்களில் யாரையும் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கணவருடைய பழைய கேடட் பெல்ட்டை ஒரு துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். அது மேசை மேசையாகக் கைமாறிப் போனது. பித்தளைக் கொக்கியை விரலால் தேய்த்துப் பார்க்காதவர் இல்லை. தினம் காலையில் அதைப் பளபளப்பாக்காமல் வரிசையில் நின்றால் என்ன கிடைக்கும் என்று எல்லோருக்கும் நினைவிருந்தது.

பிறகு அந்த நாடகம். 'மெட்ராஸ் ரேடியோ' என்று பெயர். இளையவர்களுக்கு ஒரு வார்த்தை: அப்போது கப்பலிலிருந்து வீட்டுக்குப் பேச வேண்டுமென்றால் கரையிலிருக்கும் வானொலி நிலையம் வழியாகத்தான். அது குறித்த நேரத்தில், எந்தெந்தக் கப்பலுக்குத் தகவல் இருக்கிறது என்று பட்டியல் வாசிக்கும். நம் கப்பலின் அடையாள எழுத்துகள் வருகிறதா என்று ரேடியோ ஆபீசர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருவர் பேசி முடித்து 'ஓவர்' என்று சொன்னால்தான் மற்றவர் பேச முடியும். அந்த அலைவரிசையில் இருக்கிற அத்தனை கப்பலும் கேட்கும்.

மேடையில் ஒரு மதினி பக்கத்து வீட்டுப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சாப்பிட்டீங்களா, ஓவர்." "சாப்பிட்டேன், ஓவர்." "கேஸ் தீர்ந்துபோச்சு, ஓவர்." "லெட்டர் வந்துதா, ஓவர்." "வரலை, ஓவர்." "எப்படி இருக்க, ஓவர்." "அத்தை பக்கத்துல நிக்கிறாங்க, ஓவர்." மண்டபமே குலுங்கியது. ஆபரேட்டராக நடித்தவர் உண்மையிலேயே ரேடியோ ஆபீசராக இருந்தவர். ராஜேந்திராக்காரர் இல்லை, ஆனாலும் எங்களோடு பல கப்பல்களில் வந்தவர். 1999 பிப்ரவரி முதல் தேதியோடு செயற்கைக்கோள் முறை முழுதாக வந்து, மோர்ஸ் போய், அவருடைய வேலையும் போனது. மேடையில் மைக்கைப் பிடித்ததும் சென்னை நிலையத்தின் 'வி டபிள்யூ எம்' அழைப்பை விரலால் மேசையில் தட்டினார். பின்வரிசையில் இரண்டு கேப்டன்கள் அப்படியே பதில் தட்டினார்கள்.

ஒரு நண்பரின் மகள், இப்போது டேங்கரில் செகண்ட் ஆபீசர், விடுமுறையில் வந்திருந்தாள். "எங்களுக்கு வைஃபை இருக்கு அங்கிள், ஆனா வீட்டுச் சண்டையும் அதே நிமிஷம் வந்துடுது" என்றாள். 2020-இல் உலகம் முழுக்க நாலு லட்சம் கப்பல்காரர்கள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் கிடந்தார்களே, அதில் அவளும் ஒருத்தி. பழைய ஸ்லைடுகளையும் கறுப்பு வெள்ளைப் படங்களையும் ஸ்கேன் செய்து திரையில் ஓடவிட்டதும் அவளும் அவள் செட்டுப் பிள்ளைகளும்தான்.

ஞாயிறு காலை பனிமய மாதா கோயிலில் எங்கள் நண்பர்களுக்காக விளக்கேற்ற இடம் கொடுத்த சாமியாருக்கும் கோயில் பணியாளர்களுக்கும் நன்றி. சர்தார், அய்யர், பாய் எல்லோரும் வந்தார்கள். பெயர்களை வாசித்து முடித்ததும், கொச்சிக்காரர் ஒருவர் 'கைரளி'யையும் சேர்க்கச் சொன்னார். 1979 ஜூன் கடைசியில் கோவாவிலிருந்து இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு 51 பேரோடு கிளம்பி, ஜூலையில் காணாமல்போன கப்பல். இன்றுவரை ஒரு தடயமும் கிடைக்கவில்லை. அப்போது எங்களுக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை. எங்களில் சிலருடைய அம்மாமார் "வேண்டாம், வந்துரு" என்று கடிதம் எழுதியது அந்த மாதம்தான். சேர்த்து வாசித்தோம்.

மருந்துப் பெட்டியோடு முழு நேரமும் உட்கார்ந்திருந்த டாக்டர் அக்கா, இரண்டு தடவை சர்க்கரை இறங்கியவரைக் காப்பாற்றியதற்கு நன்றி. இரவில் ஒரு மணி வரை பாட்டுக் கச்சேரியைப் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி. அந்தக் குரல்களில் எங்களுக்கும் சம்மதமில்லை.

வரவு செலவுக் கணக்கைக் குழுவில் தனியாக அனுப்பியிருக்கிறேன். மிச்சப் பணத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைத் தோணி ஆட்கள் வீட்டுப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கும், இன்னொன்றை எங்கள் பேட்ச் குடும்பங்களில் மருத்துவ உதவி தேவைப்படுவோருக்கும் வைத்திருக்கிறோம். அடுத்த சந்திப்பைக் கொச்சிக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அழைப்புப் பட்டியல் மதினிமார் கையில்தான் இருக்கும், இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

கடைசியாக ஒரு விஷயம். மண்டபத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு ஊன்றுகோல், மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்று விடுபட்டுப்போயிருக்கின்றன. என் வீட்டில் வைத்திருக்கிறேன், உரியவர்கள் சொன்னால் அனுப்பிவைக்கிறேன். டிபன் கேரியரில் மக்ரூன் இருந்தது. அதை மட்டும் அனுப்ப வழியில்லை; பேரன்மார் பார்த்துவிட்டார்கள்.

அன்புடன்,
சந்திப்பு ஏற்பாட்டுக் குழுவுக்காக,
உங்கள் ஊர்க்காரன் ஒருவன்